வைஃபை சேனலை ஒதுக்குவது எப்படி: வடசென்னையில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நின்று கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால், முப்பது நாற்பது பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இணைய இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் யாரும் இல்லாத சேனல் எது என்று தேடத் தொடங்குகிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி வரை உள்ள நெருக்கத்தில் அப்படி ஒரு சேனல் கிடைப்பதில்லை. யாரோடு பகிர்ந்துகொண்டால் நட்டம் குறையும் என்று கணக்குப் பார்த்து முடிவெடுப்பதைத்தான் இங்கே சேனல் ஒதுக்கீடு என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதை, என்னோடு வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே எழுதுகிறேன். நூல்களில் அலைவரிசை என்று வருவதைத் தொழிலில் எல்லோரும் சேனல் என்றே சொல்வதால் இங்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

எண் பதின்மூன்று, இடம் மூன்று

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் (வைஃபை இயங்கும் அலையெண் எல்லைகளில் ஒன்று) குறைந்த திறன் கருவிகளை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதற்கான விதிகள் 2005 ஜனவரியில் வெளியாயின. பட்டை 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5-இல் முடிகிறது. சேனல் 1-இன் நடுப்புள்ளி 2412. ஒவ்வோர் எண்ணுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக்கொண்டே போனால் சேனல் 13 என்பது 2472-இல் வந்து நிற்கும். ஆனால் ஒரு ரவுட்டர் பேசும்போது அது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. பதின்மூன்று இலை போட்ட பந்தியில் ஒவ்வொருவரும் நான்கு இலைக்கான இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. இடிக்காமல் உட்காரக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்னும் மூன்றுதான்.

1, 5, 9, 13 என்று நான்கு பேரை நெருக்கி உட்கார வைக்கலாமே என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். சுற்றிலும் வேறு யாரும் இல்லாத இடத்தில் அது நடக்கும். நம் தெருக்களில் பக்கத்து வீட்டார் ஏற்கெனவே 1, 6, 11-இல் இருப்பதால், 5-இலும் 9-இலும் நாம் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடிபடுவோம். சேனல் 13-ஐப் பார்க்கவே தெரியாத கருவிகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

அதே விதிகள் வேறு இரண்டு எல்லைகளையும் வகுத்திருக்கின்றன. ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது; ஆன்டெனா, கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் உயரமான குழாய் நட்டு அதன் உச்சியில் கட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றின் மேல் பாதி விழும் சேனல் ஏன் ஆபத்து

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தையல் நிலையத்தில் 1-இலும் 6-இலும் கூட்டம் அதிகமாக இருந்ததைப் பார்த்து, நடுவே காலியாகத் தெரிந்த சேனல் 3-ஐப் போட்டுவிட்டு வந்தேன். பகலில் நன்றாக ஓடியது. மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் திரும்பி வந்ததும் இணைப்பு தடுமாறத் தொடங்கியது. மூன்று நாள் நடையாய் நடந்தும் எனக்குக் காரணம் விளங்கவில்லை. காரணம் வைஃபை பேசும் முறையிலேயே இருந்தது.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில் விஎச்எஃப் வானொலிக் கருவி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழைப்புக்கும் ஆபத்துச் செய்திக்கும் எல்லோரும் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள சேனல் 16-ஐக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். கூப்பிட்டவரும் பதில் சொன்னவரும் நீண்ட பேச்சை வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒரே சேனலில் பலர் இருந்தும் அங்கே குழப்பம் வராததற்குக் காரணம், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதுதான். வைஃபையிலும் முதல் பாதி இதேதான். பேசுவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் கேட்கிறது. தன் சேனலில் இன்னொரு வைஃபை கருவி பேசுவதைப் புரிந்துகொண்டால், அந்தச் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னலின் வலுவைச் சொல்லும் அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக்கூடச் சிக்னல் மெலியும்) என்னும் மெல்லிய அளவில் வந்தாலும் அது காத்திருக்கிறது. பாதி மேலே விழும் சேனலிலிருந்து வருவதோ அதற்குப் புரியாத இரைச்சல். புரியாத இரைச்சலுக்கு அது காத்திருக்க வேண்டுமானால் அந்த இரைச்சல் மைனஸ் 62 டிபிஎம் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். இடையில் உள்ள 20 டெசிபல் என்பது நூறு மடங்கு வித்தியாசம். பக்கத்து வீட்டு ரவுட்டர் உங்களுக்கு மைனஸ் 70-இல் கேட்டால், ஒரே சேனலில் இருக்கும்போது இருவரும் மாற்றி மாற்றிப் பேசுவீர்கள். சேனல் 1-க்கும் 3-க்கும் இடையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவருடைய பேச்சும் சிதைந்து, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே 1, 6, 11 தவிர வேறு எண்ணை வைக்காதீர்கள். மூன்றிலும் கூட்டம் இருந்தாலும் வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

அளப்பது

"தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல பில்லே போட முடியல" என்று எம்.சி. ரோட்டுத் துணிக்கடை அண்ணன் சொன்னால், "சரிண்ணே, ஆறரைக்கு வர்றேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்குப் போய் அளந்தால் அது காலை பத்து மணியின் நிலவரம் மட்டுமே. ஆண்ட்ராய்டு கைபேசியில் சேனல் வாரியாகச் சிக்னலைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. தொடக்கத்துக்கு அவை போதும். கல்லாப்பெட்டி, பில் போடும் இடம், கிடங்கு, படிக்கட்டு என்று வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, எந்தச் சேனலில் எத்தனை பேர் எந்த அளவில் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆக்சஸ் பாயிண்டின் (வைஃபை சிக்னலைக் கொடுக்கும் கருவி) அமைப்புப் பக்கத்தில் சேனல் எத்தனை விழுக்காடு நேரம் பிஸியாக இருக்கிறது என்று காட்டும் வசதி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தலை எண்ணிக்கையைவிட அந்த விழுக்காடு முக்கியம். ஏனென்றால் சும்மா இருக்கும் எட்டு ரவுட்டர்களைவிட, நாள் முழுவதும் கேமரா படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரே ரவுட்டர் அதிக நேரத்தை விழுங்கலாம்.

சும்மா இருக்கும் ரவுட்டரும் முற்றிலும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயரும் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. அந்த அறிவிப்பு சுமார் 250 பைட் என்று வைத்துக்கொண்டால், பழைய கருவிகளுக்காக விட்டுவைத்திருக்கும் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை அனுப்ப இரண்டு மில்லிவினாடிக்குச் சற்று அதிகமாகிறது. அதாவது ஒரு பெயருக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு நேரம் போகிறது. கடைக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று நான்கு பெயர் வைத்தால், ஒரு ரூபாய்க்குப் பில் போடுவதற்கு முன்பே எட்டு விழுக்காடு தீர்ந்துவிடும். பெயர்களை இரண்டாகக் குறையுங்கள். 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். அணைப்பதற்கு முன் கார்டு தேய்க்கும் இயந்திரத்தையும் பில் பிரிண்டரையும் இணைத்துப் பாருங்கள். சில பழைய இயந்திரங்களுக்கு அந்த வேகங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒதுக்குவதற்கு முன் குறைக்க வேண்டியவை

சேனல் எண்ணைத் தொடுவதற்கு முன் அகலத்தையும் திறனையும் சரிசெய்ய வேண்டும் என்பதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். 40 என்று வைத்தால் இருக்கும் மூன்று இடங்களில் இரண்டை ஒரே கருவி அடைத்துக்கொள்ளும். புதுப்பெட்டியில் "தானியங்கி" என்றோ "20/40" என்றோ இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.

திறனைப் பொறுத்தவரை, அதிகம் வைத்தால் நல்லது என்ற எண்ணம் வாடிக்கையாளருக்கு மட்டுமின்றி நமக்கும் இருக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் உரக்கக் கத்தினாலும் கைபேசியின் குரல் அதே மெல்லிய குரல்தான். கைபேசியில் முழுக் கோடும் காட்டும், ஆனால் அது அனுப்புவது ஆக்சஸ் பாயிண்டுக்குச் சரியாகக் கேட்காது. அதோடு, கத்தும் கருவி பக்கத்துக் கட்டடத்து ரவுட்டரையும் தேவையில்லாமல் காத்திருக்க வைக்கும். மூன்று டெசிபல் குறைத்தால் திறன் பாதியாகும். மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த ஆக்சஸ் பாயிண்ட் கவனிக்க வேண்டிய மிகத் தொலைவான மூலையில் கைபேசி மைனஸ் 67 டிபிஎம் காட்டும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். ஜார்ஜ் டவுன் பக்கம் மரவுத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளும் கனத்த சுவர்களும் இன்னும் இருக்கின்றன. அவை சிக்னலை விடும் விதமும் புதிய கான்கிரீட் தளங்கள் விடும் விதமும் வேறு. ஒரு கட்டடத்துக் கணக்கை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாமல், ஒவ்வொன்றையும் நின்று அளந்து பாருங்கள்.

யார் குரல் யாருக்குக் கேட்கிறது

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி ஆகிய ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மூன்றாம் மாடிக் கிடங்கில் ஒன்று என்று ஏழு ஆக்சஸ் பாயிண்டுகள். புதியவர் ஒருவர் இதைப் பார்த்ததும், முன்பக்கம் எல்லாம் 1, பின்பக்கம் எல்லாம் 6, கிடங்கு 11 என்று போட்டுவிடுவார். காகிதத்தில் அது அழகாக இருக்கும்.

அதற்குப் பதிலாக ஏழு புள்ளிகளை ஒரு தாளில் வையுங்கள். ஒவ்வோர் ஆக்சஸ் பாயிண்டின் கீழும் நின்று, மற்ற ஆறில் எவையெல்லாம் மைனஸ் 82-ஐவிட வலுவாகக் கேட்கின்றன என்று பார்த்து, கேட்பவற்றைக் கோட்டால் இணையுங்கள். ஒரே தளத்தின் முன்னும் பின்னும் ஒன்றையொன்று கேட்கும். நேர் மேலும் நேர் கீழும் தளத்தைத் துளைத்துக் கேட்கும். கிடங்கில் உள்ளது இரண்டாம் மாடியின் இரண்டையும் கேட்கும். இவை எதிர்பார்த்தவை. எதிர்பாராத ஒன்றும் இருக்கும்: படிக்கட்டு பின்பக்கம் திறந்த கிணறுபோல மேலே போவதால், தரைத்தளப் பின்பக்கமும் இரண்டாம் மாடிப் பின்பக்கமும் நடுவில் ஒரு மாடியைத் தாண்டி ஒன்றையொன்று கேட்கும். அந்தப் புதியவரின் திட்டத்தில் பின்பக்கத்து மூன்றுமே சேனல் 6-இல் வரிசையில் நிற்கின்றன. தீபாவளிக் கூட்டத்தில் மூன்று மாடிப் பில்லும் ஒரே வாசல் வழியாகப் போவதற்குச் சமம் அது.

இனி ஒதுக்குங்கள். அதிகக் கோடுகள் சேரும் புள்ளிக்கு முதலில் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டாம் மாடிப் பின்பக்கத்துக்கு நான்கு கோடுகள், அதற்கு 1. அடுத்து, ஏற்கெனவே சேனல் பெற்ற அண்டைகளால் எதற்குத் தெரிவு மிகவும் சுருங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சமமாக இருந்தால் கோடு அதிகமுள்ளதை எடுக்கலாம். தரைத்தளப் பின்பக்கத்துக்கு 6. இப்போது முதல் மாடிப் பின்பக்கம் 1-ஐயும் 6-ஐயும் கேட்கிறது, ஆகவே அதற்கு 11 மட்டுமே மிச்சம். இரண்டாம் மாடி முன்பக்கத்துக்கு 6. கிடங்கு 1-ஐயும் 6-ஐயும் கேட்பதால் 11. முதல் மாடி முன்பக்கம் 6-ஐயும் 11-ஐயும் கேட்பதால் 1. கடைசியாகத் தரைத்தள முன்பக்கம் 1-ஐயும் 6-ஐயும் கேட்பதால் 11. தாளில் உள்ள எல்லாக் கோடுகளையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். எந்தக் கோட்டின் இரு முனையிலும் ஒரே எண் இருக்காது.

நெருக்கடியில் இருப்பவரை முதலில் கவனி என்னும் இந்த முறையை, கோடுகளால் இணைந்த புள்ளிகளுக்கு நிறம் தீட்டும் கணக்காக டேனியல் பிரேலாஸ் 1979-இல் வெளியிட்டார். கைபேசி நிறுவனங்களும் இதே வகைக் கணக்கில்தான் வளர்ந்தன. பழைய ஜிஎஸ்எம் வலையமைப்பில் அலைவரிசைகளை ஏழு கூட்டங்களாகப் பிரித்தால், ஒரே கூட்டத்தைத் திரும்பப் பயன்படுத்தும் இரண்டு கோபுரங்களுக்கு இடையே ஒரு செல்லின் (ஒரு கோபுரம் கவனிக்கும் பகுதி) ஆரத்தைப்போல் சுமார் 4.6 மடங்கு தூரம் கிடைக்கும். மூன்றாகப் பிரித்தால் மூன்று மடங்கு. தூரம் கூடினால் இடையூறு குறையும், ஆனால் ஒவ்வொரு கோபுரத்துக்கும் கிடைக்கும் பங்கும் குறையும். நம் துணிக்கடையிலும் பேரம் அதேதான்.

மூன்று சேனலில் தாள் முடியவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திறனை இன்னும் குறைத்துச் சில கோடுகளை அழிப்பது. மற்றொன்று, தேவையற்ற ஆக்சஸ் பாயிண்டின் 2.4-ஐ முழுவதுமாக அணைப்பது. இரண்டாவது வழியைச் சொன்னால் முதலாளிகள் காசு வீணாகிறதே என்று வருந்துவார்கள். அந்தக் கருவி 5 கிகாஹெர்ட்ஸில் தொடர்ந்து வேலை செய்யும் என்று விளக்குங்கள்.

வெளியார் ரவுட்டர்களையும் இந்தத் தாளில் சேர்க்க வேண்டும். அவற்றின் சேனலை நாம் மாற்ற முடியாது, ஆகவே அவற்றை ஏற்கெனவே எண் பெற்ற புள்ளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் தாள் நிரம்பிவிடும். மிக வலுவாகக் கேட்பவற்றையும், அளக்கும்போது அதிக நேரத்தை விழுங்கியவற்றையும் மட்டும் சேர்த்தால் போதும்.

5 கிகாஹெர்ட்ஸ்

2018 அக்டோபரில் வெளியான விதிகள் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தன. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 36-இலிருந்து 165 வரை இருபத்தைந்து சேனல்கள் கிடைக்கின்றன; ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. சுவரைத் துளைப்பதில் இது 2.4-ஐவிடப் பலவீனமானது என்பதும் நெருக்கமான குடியிருப்பில் நமக்கு நன்மைதான். புதுக் கருவிகளை எல்லாம் இங்கே கொண்டுவந்துவிட்டு, 2.4-ஐப் பழைய இயந்திரங்களுக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே செய்யப்படும் தவறு அகலத்தில்தான். 80 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் வேகச் சோதனையில் பெரிய எண் வரும். ஆனால் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடாருக்கு வழிவிடும் ஏற்பாடு கருவிகளில் இருக்கிறது. அவற்றில் நுழைவதற்கு முன் ஒரு நிமிடம் கேட்க வேண்டும். ரேடார் கேட்டால் விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அவற்றைத் தவிர்த்தால் 36 முதல் 48 வரை நான்கும், 149 முதல் 165 வரை ஐந்துமாக ஒன்பது சேனல்கள் மிஞ்சும். 80 அகலத்தில் அது இரண்டே இடமாகச் சுருங்கிவிடும். ஏழு ஆக்சஸ் பாயிண்ட் உள்ள கடையில் நான் 20-இல்தான் தொடங்குவேன். பெரம்பூர் பக்கம் தனி வீட்டில் ஒரே ரவுட்டர் என்றால் 80-க்கு ஆட்சேபம் இல்லை.

துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால் கப்பல் ரேடார்தான் 5 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கிறது என்று ராயபுரம் பக்கம் அடிக்கடி சொல்வார்கள். கப்பல்களின் ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்குபவை. ராஜாஜி சாலையில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் இருக்கும் வானிலை ரேடாரும் எஸ் பேண்ட் எனப்படும் 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையைச் சேர்ந்ததே. பழியை அவற்றின் மேல் போடுவதற்கு முன் ஆக்சஸ் பாயிண்டின் பதிவேட்டைத் திறந்து, ரேடார் கண்டதாக உண்மையிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், எந்த ரேடாராக இருந்தாலும் அந்தச் சேனலை விட்டுவிடுங்கள்.

கடலோரத்தில் நான் அதிகம் பார்த்த குற்றவாளி உப்புக்காற்று. மொட்டை மாடியில் உள்ள ஆன்டெனாவின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். சிக்னல் பத்துப் பன்னிரண்டு டெசிபல் குறைந்து, சேனல் கெட்டுவிட்டதுபோலவே அறிகுறி காட்டும். வெளி இணைப்பு ஒன்று திடீரென்று மோசமானால், சேனலை மாற்றுவதற்கு முன் கனெக்டரைத் திறந்து பார்த்து, மாற்றி, ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சரிபார்ப்பும் குறிப்பேடும்

ஒதுக்கி முடித்ததும் தானியங்கி சேனல் மாற்றத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை மின்சாரம் போய் வந்ததும் ஏழு கருவிகளும் தங்கள் விருப்பப்படி எண்ணை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு புகார் வந்த அதே நேரத்தில், அதே மூலைகளில் நின்று திரும்ப அளந்து பாருங்கள். வேகச் சோதனையை மட்டும் நம்பாமல், சேனல் பிஸியாக இருக்கும் விழுக்காட்டையும், திரும்ப அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையையும் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். விழுக்காடு குறையாமல் திரும்ப அனுப்புவது மட்டும் குறைந்திருந்தாலும் ஒதுக்கீடு வேலை செய்திருக்கிறது என்று பொருள். மீதி நெருக்கம் பக்கத்து வீட்டாருடையது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பக்கத்தில் புதுக் கடையோ புதுக் குடியிருப்போ வந்தாலும், தாளைப் புதிதாக வரையுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலைத் தேதி போட்டு, நெட்வொர்க் பெட்டியின் கதவுக்கு உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அங்கே போவது நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.